அடுப்பு மூட்டாத நாளுக்கு ஒரு மீன்சுருள்

கோடையின் உச்சத்தில், நண்பகல் வேளையில், அடுப்பின் முன் நிற்பவர் படும் துன்பம் கூடத்தில் தட்டின் முன் அமர்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. காலையில் இட்டலி, மதியம் சோறும் குழம்பும், மாலையில் காப்பி, இரவில் மறுபடியும் ஏதேனும் ஒன்று என நம் இல்லங்களில் நெருப்பு அணைவதேயில்லை. தாய் காய்ச்சலாய்ப் படுத்திருக்கும் நாளிலும், மகள் பேறுகாலத்திற்கு வந்திருக்கும் நாளிலும், சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வந்து சேராத நாளிலும் என் செய்வது என்ற கேள்விக்குக் "கடையில் வாங்கிக்கொள்வோம்" என்பதே இந்நாளில் விடையாகிவிட்டது. கடைச் சாப்பாட்டின் விலையையும் தரத்தையும் வாசகர்கள் அறிவார்கள். ஆதலின், அடுப்பை மூட்டாமலே கால் மணி நேரத்தில் ஆயத்தமாகி, ஒரு குடும்பம் வயிறார உண்ணத்தக்க மீனுணவு ஒன்றைக் குறித்து இத்திங்கள் உரையாட விரும்புகிறோம்.

நகரத்து உணவகங்களில் 'ரேப்' என்றும் 'ரோல்' என்றும் பெயர் சூட்டிக் காகிதத்தில் பொதிந்து கையில் தருகிறார்களே, அதுவே நாம் பேசப்போகும் பொருள். மெல்லிய ரொட்டி ஒன்று. அதனுள்ளே காயும் கீரையும் மீனும் சேர்ந்த கலவை. பாயைச் சுருட்டுவது போல் சுருட்டினால் தட்டும் வேண்டா, கரண்டியும் வேண்டா. பெயர் புதிதேயன்றிப் பொருள் புதிதன்று. சப்பாத்தியில் சர்க்கரையைத் தூவிச் சுருட்டி, அழுகின்ற பிள்ளையின் கையில் கொடுக்காத தாய் நம்மிடையே உண்டோ? ஆகவே நாம் இதனைச் 'சுருள்' என்றே அழைப்போம்.

ஆயினும் சர்க்கரை வேறு, மீன் வேறு. நம் கவலையெல்லாம் இதில்தான். கைப்பேசியில் வந்து குவியும் சமையற் படங்களில், ஜப்பானியர் பச்சை மீனைச் சோற்றோடு சுருட்டி உண்பதையும், தென் அமெரிக்காவின் பெரு நாட்டார் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து உண்பதையும் நம் பிள்ளைகள் காண்கிறார்கள். கண்டு, "நம் வீட்டில் செய்தால் என்ன? மீன்தான் நம் வாசலிலேயே கிடைக்கிறதே!" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வீட்டிலுள்ள குழந்தைகளின் உடல்நலம் இதில் அடங்கியிருப்பதால் விடையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

அடுப்பு மூட்டாத உணவு என்பது வேறு. வேகாத உணவு என்பது வேறு. சுருளுக்குள் நாம் வைக்கின்ற மீன், நம் சமையலறைக்கு வருமுன்னரே, யாரோ ஒருவரால் எங்கோ ஓரிடத்தில் வேகவைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த நெருப்பு, மீனைத் தகர டப்பாவில் அடைத்த ஆலையில் எரிந்ததாயிருக்கலாம். நடுக்கடல் தீவொன்றில் தென்னை மட்டையில் புகைந்ததாயிருக்கலாம். நேற்று மாலை நம் வீட்டு அடுப்பிலேயே எரிந்ததாகவும் இருக்கலாம். இன்று நெருப்பில்லை என்பதே செய்தி. என்றுமே நெருப்பில்லை என்பதன்று.

எலுமிச்சைச் சாறே மீனை வேகவைத்துவிடும் என்பார் உளர். சாறு பட்டவுடன் மீனின் சதை வெளுத்து இறுகுவது உண்மையே. சதையிலுள்ள புரதம் புளிப்பினால் தன் அமைப்பு மாறுவதால் நேரும் தோற்றம் அது. கண்ணுக்கு வெந்தது போலவே இருக்கும். ஆனால் நெருப்பு கொல்வதையெல்லாம் புளிப்பு கொல்வதில்லை. கடல்மீனின் சதையில் சுருண்டு கிடக்கும் அனிசாக்கிஸ் என்னும் சிறு புழு, காடியில் நாள்கணக்கில் கிடந்தாலும் உயிர் தரித்திருக்கும். வெப்பக் கடல்நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ இனக் கிருமிகள் இறாலிலும் நண்டிலும் சிப்பியிலும் தங்கிக் கடும் வயிற்றுப்போக்கை விளைவிப்பன. 1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெரு நாட்டுக் கடற்கரை நகர்களில் காலரா வெடித்தபோது, கெட்டுப்போன குடிநீரே பெருங்காரணமாயினும், அந்நாட்டார் உயிரெனப் போற்றும் 'செவிச்சே' என்ற அந்த எலுமிச்சை மீனும் ஐயத்திற்குள்ளாயிற்று. நெடுநாள் பழகிய தம் உணவையே மக்கள் உண்ண அஞ்சினர்.

ஜப்பானியர் உண்கிறார்களே எனில், அவர்களுடைய மீன் வந்து சேரும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிடித்த இடத்திலேயே பனியில் புதைத்தோ, கடுங்குளிரில் உறைய வைத்தோ கொணர்கிறார்கள். பச்சையாக உண்ணப்படும் மீனிலுள்ள புழுக்களைக் கொல்ல, சுழியத்திற்குக் கீழே 20 பாகை செல்சியஸ் குளிரில் 7 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் விதி. ஒரு நாளைக்கு எத்தனையோ முறை திறந்து மூடப்படுவதும், மின்தடை வந்தால் ஒழுகத் தொடங்குவதுமான நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நம்பி அவ்விதியை நிறைவேற்ற இயலாது. எனவே பச்சை மீன், பச்சை இறால், பச்சைச் சிப்பி ஆகியவற்றை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பால் நிறுத்திவிடுகிறோம். வியட்நாமியர் அரிசித்தாளை நீரில் நனைத்துச் செய்யும் அழகிய சுருளிலுங்கூட, உள்ளே செந்நிறமாய்த் தெரிவது வேகவைத்த இறாலே என்பதை ஈண்டு நினைவூட்டுகிறோம்.

மாசியின் தாயகம்

அப்படியானால், அடுப்பு மூட்டாமல் மீனுணவு உண்போர் நமக்கு அண்மையில் எவரேனும் உளரோ? உளர். கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே, நடுக்கடலில், ஏறத்தாழ 1,200 பவளத் திட்டுகளாய்ச் சிதறிக் கிடக்கும் மாலத்தீவு நாட்டின் காலையுணவே அதுதான். அதன் பெயர் 'மஸ் ஹுனி'. அவர்களுடைய திவேகி மொழியில் 'மஸ்' என்றால் மீன். 'ஹுனி' என்றால் தேங்காய்த் துருவல். புகையூட்டிய சூரைமீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றோடு கையால் பிசைந்து, 'ரோஷி' என்னும் மெல்லிய கோதுமை ரொட்டியோடு உண்பார்கள். ரோஷி நம் சப்பாத்திக்கு உடன்பிறப்பு. மீன்கலவைக்கு அடுப்பே வேண்டா. ரொட்டி முந்தின நாளே சுடப்பட்டதாயிருந்தால் வீட்டில் புகையே எழாது.

உழவுக்கு நிலமில்லாத தீவுகள் அவை. மண் தந்தது தென்னையை; கடல் தந்தது சூரையை. சூரையை அவர்கள் பெரும்பாலும் வலை வீசிப் பிடிப்பதில்லை. உயிருள்ள சிறு மீன்களை இரையாய்த் தூவி, நீரைத் தெளித்து, மேலெழும்பும் சூரைக் கூட்டத்தை நீண்ட தூண்டிற் கழியால் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் படகினுள் எறிகிறார்கள். தூண்டில் முள்ளில் எதிர்முள் இராதாகையால் மீன் தானே கழன்று விழும். அவர்களுடைய படகின் பெயர் 'தோணி'! பாய்விரித்தோடிய அத்தோணிகளில் இயந்திரம் பூட்டத் தொடங்கியது 1974இல்.

பிடித்த சூரையைத் தலையும் குடலும் நீக்கி, நீளவாட்டில் நான்காய்ப் பிளந்து, உப்புநீரில் வேகவைக்கிறார்கள். (வேகவைத்த அந்நீரையும் வீணாக்குவதில்லை. மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சி 'ரிஹாகுரு' என்னும் கரிய குழம்பாக்கி வைத்துக்கொள்வார்கள்.) பிறகு பரணில் இட்டுப் புகையூட்டுகிறார்கள். இந்நிலையில் மீன் மெத்தென்றிருக்கும். மஸ் ஹுனிக்கு உகந்தது இதுவே. மேலும் பல நாள் வெயிலில் காய்ந்தால் விறகுக் கட்டையாய் இறுகிவிடும். அந்தக் கட்டைதான் நம் கடற்கரைக் கடைகளில் 'மாசி' என்றும் 'மாசிக் கருவாடு' என்றும் விற்கப்படுவது. அவர்களுடைய 'மஸ்' என்ற சொல்லே நம் நாவில் மாசி ஆயிற்று என்பர். தூத்துக்குடியிலிருந்து தோணிகள் காய்கறியும் கட்டடப் பொருளும் ஏற்றிக்கொண்டு அத்தீவுகளுக்குச் சென்றுவந்த வரலாற்றை அறிந்தவர்க்கு இதில் வியப்பொன்றுமிராது. இலங்கையிலோ மாசி இல்லாத தேங்காய்ச் சம்பலைச் சம்பலென்றே ஒப்புக்கொள்ளாதவர் பலர். நம் நாட்டு எல்லைக்குள்ளேயே, இலட்சத்தீவுகளின் தென்கோடியிலுள்ள மினிக்காய் தீவிலும் இதே முறையில் மாசி செய்யப்படுகிறது.

மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பட்டூட்டா 1343ஆம் ஆண்டின் இறுதியில் மாலத்தீவை அடைந்து, அங்கே நீதிபதியாகவும் அமர்ந்தார். செந்நிறச் சதையுடைய மீனை நான்காய்ப் பிளந்து, சிறிதே வேகவைத்து, ஓலைக் கூடையிலிட்டுப் புகையில் தொங்கவிடுவதையும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யேமனுக்கும் ஏற்றுமதியாவதையும் அவர் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். ஏறத்தாழ 700 ஆண்டுகளாகியும் செய்முறையில் பெரிய மாற்றமில்லை. மீனும் தேங்காயுமாகிய அவ்வுணவு உடலுக்குத் தரும் ஆற்றலைப் பற்றியும் அவர் சில கூறியுள்ளார்; அவை குடும்ப இதழொன்றில் அச்சிடத்தக்கன அல்ல. அவர் காலத்தில் அக்கலவையில் மிளகாய் இருந்திருக்க முடியாது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாய் நம் கடல்களுக்கு வந்து சேர்ந்தது பின்னாளிலேதான்.

இவ்விடத்தில் இல்லத்தரசியர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. மாசியும் மற்றக் கருவாடுகளும் ஒரே கடையில், ஒரே பலகையில் கிடக்கின்றன. பெயரும் ஒன்றாகவே வழங்குகிறது. ஆனால் நெத்திலி, சாளை, வாளை முதலிய கருவாடுகள் பச்சை மீனை உப்பிட்டோ உப்பிடாமலோ வெயிலில் உலர்த்தியவை. அவை நெருப்பைக் கண்டதேயில்லை. ஈ மொய்க்கும் மணலில் காய்ந்தவையும் அவற்றுள் உண்டு. அவற்றைப் பொரித்தோ குழம்பிலிட்டோதான் உண்ண வேண்டும். சென்னாக்கூனியும் அத்தகையதே; வறுத்த பின்னரே உண்ணத் தகும். மாசியோ வெந்து, புகைந்து, பின் உலர்ந்தது. அதனை இடித்து அப்படியே உண்ணலாம். கடைக்காரர் எல்லாவற்றையும் கருவாடு என்று சொல்லிவிடுவார். வேற்றுமை அறிந்து வாங்குவது நம் பொறுப்பு.

நல்ல மாசியை உடைத்தால் உள்ளே செம்பழுப்பு நிறமாய், மரத்துண்டு போல் இறுகியிருக்கும். கையில் பிசுபிசுத்தாலும், பூஞ்சணம் பூத்திருந்தாலும், புளித்த வாடை வீசினாலும் விலை எவ்வளவு குறைவாயினும் வாங்க வேண்டா. வாங்கியதை ஈரம் புகாத மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்திருந்தால் நெடுநாள் கெடாது.

பிசையும் முறை

நால்வருக்கு, ஆளுக்கு இரண்டாக எட்டுச் சுருள்கள் செய்வதாகக் கொள்வோம். முந்தின நாள் இரவு சுட்ட சப்பாத்தி எட்டு. பெரிய பல்லாரி இரண்டு. அல்லது உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி. பச்சை மிளகாய் இரண்டு. எலுமிச்சம்பழம் ஒன்று, சாறு குறைவாயின் ஒன்றரை. அப்போதே துருவிய தேங்காய் ஒரு கோப்பை. மீன், நீரோ எண்ணெயோ வடித்த பிறகு, 250 கிராம். உலர்ந்த மாசியாயின் 60 அல்லது 70 கிராம் போதும். நீரெல்லாம் வற்றியது ஆகையால் சிறிதிலேயே சுவை செறிந்திருக்கும். அதனை உரலிலிட்டு இடித்துச் சிராய்களாக்கி, ஆறிய நீரைச் சிறிது தெளித்துப் பத்து நிமிடம் வைத்தால் மெல்லுவதற்கு இதமாகும்.

இதில் எல்லாம் வரிசையில் இருக்கிறது. பலர் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கிவிட்டு, "பச்சை வெங்காய நெடி தாங்கவில்லை" என்று குறை கூறுவார்கள். மாலத்தீவுப் பெண்கள் அவ்வாறு செய்வதில்லை. மெல்லியதாய் அரிந்த வெங்காயத்தையும் மிளகாயையும் உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் முதலில் தனியே இட்டு, விரல் நுனிகளால் அழுத்திப் பிசைகிறார்கள். உப்பு வெங்காயத்திலுள்ள நீரை வெளியே இழுக்கும். புளிப்பு அதன் காரத்தைத் தணிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் வெங்காயம் துவண்டு, சற்றே இளஞ்சிவப்பேறி, இனிப்பும் புளிப்புமாய் மாறிவிடும். அதன் பின்னரே மீனை உதிர்த்துச் சேர்த்துப் பிசைய வேண்டும். தேங்காய்த் துருவல் கடைசியில். அதனை அழுத்திப் பிசைந்தால் பால் இறங்கிக் கலவை சொதசொதவென்றாகிவிடும். ஆதலால் விரல்களை விரித்துப் புரட்டினால் போதும். உப்பைச் சரிபார்ப்பதும் இப்போதுதான். மாசியிலும் டின் மீனிலும் முன்னரே உப்பு உண்டு என்பதை மறவற்க.

மிளகாய் பிசைந்த கையால் கண்ணைத் தொடுதல் ஆகாது. இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நலம். பிசையுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டு நன்றாய்க் கழுவுக. விரலில் வெட்டுக்காயமோ சீழ்ப்புண்ணோ உடையவர் அன்றைக்கு இவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். புண்ணிலிருந்து உணவில் இறங்கும் கிருமிகள் அங்கே நஞ்சை உண்டாக்கும்; பிறகு எதையும் சூடாக்கப் போவதில்லையாதலால் அக்கிருமிகளைத் தடுப்பதற்கும் வழியில்லை. பச்சை மீன் அரிந்த பலகையிலும் கத்தியிலும் இந்த வெங்காயத்தை அரிவதும் கூடாது.

இனிச் சுருட்டுவது. சப்பாத்தியின் மேல் முதலில் ஒரு கோசிலையையோ, கழுவி ஈரம் துடைத்த கீரையையோ பரப்பினால் கலவையின் ஈரம் ரொட்டியில் ஊறாது. நம் பக்கமுள்ள மூன்றிலொரு பங்கில் கலவையை ஒரு கோடாக வைத்து, இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, இறுக்கிச் சுருட்டி, மடிப்பு அடிப்பக்கம் வருமாறு ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். பிறகு சாய்வாய் இரண்டாக வெட்டலாம். வெள்ளரிக்காய் சேர்க்க விரும்புவோர் துருவிப் பிழிந்து சேர்க்க. தக்காளியை நாம் பரிந்துரைப்பதில்லை. அது சுருளைக் குழம்பாக்கிவிடும். மாலத்தீவில் கோசு இனத்துக் கரும்பச்சைக் கீரையை நூல்போல் அரிந்து கலப்பார்கள். வெந்த பரங்கிக்காயை மசித்துக் கலப்பதும் உண்டு. முருங்கையும் அங்கே வளர்கிறது. அதன் பெயரும் 'முரங்கா'தான்.

சுத்தபோசன வெள்ளிக்கிழமைகளுக்கும் இது ஏற்ற உணவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியது வேறொன்று. இதில் கொதிக்கும் எண்ணெய் இல்லை, தீ இல்லை, பதம் தவறிக் கருகுவதும் இல்லை. ஆகவே குடும்பத் தலைவருக்கு "எனக்குச் சமைக்கத் தெரியாது" என்று சொல்லும் வாய்ப்பு இங்கே கிட்டாது. வெங்காயத்தை அவர் அரியட்டும், தேங்காயை மூத்த மகன் துருவட்டும், இளையவர்கள் சுருட்டட்டும். காய்ச்சலில் கிடக்கும் தாய் கட்டிலிலிருந்தபடியே உப்பு எவ்வளவு என்று சொன்னால் போதும். அதனையும் அவர்களே நாவில் வைத்துப் பார்த்துக்கொள்வது இன்னும் நன்று.

டப்பாவும் பனிக்கட்டியும்

மாசி கிடைக்காத ஊர்களில் டின் மீன் உதவும். கண்ணாடிக் குப்பியில் உணவை அடைத்துக் கொதிநீரில் சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறையைப் பிரெஞ்சு நாட்டு நிக்கோலா அப்பேர் 1810இல் நூலாய் வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகரக் கலத்திற்கு உரிமை பெற்றார். இன்றைய ஆலைகளில் மூடிய டப்பாவையே ஏறத்தாழ 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தத்தோடு வேகவைக்கிறார்கள். போட்டுலிசம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரின் 100 பாகையில் அழிவதில்லையாதலால் இத்தனை வெப்பம் தேவைப்படுகிறது. ஆக, டின் மீன் முற்றும் வெந்த மீன், திறந்தவுடன் உண்ணலாம். தக்காளிச் சாற்றில் அடைத்ததைவிட உப்புநீரிலோ எண்ணெயிலோ அடைத்ததே சுருளுக்கு ஏற்றது.

டப்பா உப்பியிருந்தாலும், ஓட்டை விழுந்திருந்தாலும், மூடியோரத் தையலில் நசுங்கியிருந்தாலும், திறக்கும்போது உள்ளிருப்பது பீறிட்டாலும், சுவைத்துப் பார்க்கவே கூடாது. அப்படியே எறிந்துவிட வேண்டும். மிஞ்சியதைத் திறந்த டப்பாவிலேயே வைக்காமல் கண்ணாடிப் பாத்திரத்திற்கு மாற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுக. பெரிய சூரை இனங்களில் பாதரசம் சேர்வதுண்டு. சிறிய இனமாகிய வரிச்சூரையில் அது குறைவு. கருவுற்றிருப்போர் இதனையும் மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. பெருநகரக் கடைகளில் மென்மையான ஏடுகளாய் விற்கும் புகையூட்டிய சால்மன் மீன் பெரும்பாலும் குளிர்ந்த புகையில் பதப்படுத்தப்பட்டது. புகை பட்டதேயன்றி வெந்ததன்று. கருவுற்றோரும் முதியோரும் அதனை அப்படியே உண்ணலாகாது. 'நண்டுக் குச்சி' என்று விற்கும் செவ்வெள்ளைத் துண்டுகள் வேறு வகை. பெயரில் நண்டு, உள்ளே இருப்பது அரைத்து வேகவைத்த வெள்ளை மீன். உண்பதில் தீங்கில்லை; நண்டென்று எண்ணி விலை கொடுப்பதில்தான் இழப்பு.

டின்னும் மாசியும் இல்லையெனில், முந்தின மாலை உப்பும் மஞ்சளும் இட்டு வேகவைத்து, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சூரைத் துண்டங்களும் போதும். ஆனால் அந்தச் சூரையை வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூரை, அயலை, சாளை ஆகிய மீன்கள் பிடிபட்ட பிறகு பனிக்கட்டியின்றி வெயிலில் கிடந்தால், அவற்றின் சதையில் கிருமிகளால் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். வேகவைத்தாலும் அது அழியாது, புகையூட்டினாலும் அழியாது, டப்பாவில் அடைத்தாலும் அழியாது. உண்டவருக்குச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணிக்குள் முகம் சிவந்து சூடேறும், தலை வலிக்கும், உடல் அரிக்கும், நாவில் மிளகு பட்டாற்போல் எரியும். "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று பலர் வாழ்நாள் முழுதும் அம்மீனையே ஒதுக்கிவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது சூரையன்று, அன்றைக்கு அது வெயிலில் கிடந்த நேரமாகவும் இருக்கலாம். மூச்சுத் திணறல் கண்டால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்க. கடையில் மீன் பனிக்கட்டியின் மேல் கிடக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா, விரலால் அழுத்திய குழி உடனே நிமிர்கிறதா என்று பார்த்து வாங்கும் பாட்டிமார் வழக்கத்தில் பேரறிவு அடங்கியிருக்கிறது.

பிசைந்த கலவையை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? பச்சைத் தேங்காயும் மீனும் சேர்ந்தது விரைவில் கெடும். வெளியில் 2 மணி நேரமே எல்லை. நம் கோடை நண்பகலில், 32 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், 1 மணி நேரம். எனவே உண்ணும் நேரத்திற்கே பிசைக. உண்ணும் அளவிற்கே பிசைக. காலை 7 மணிக்குச் சுருட்டிப் பிள்ளையின் பள்ளிப் பெட்டியில் வைத்து, அவன் 12:30க்குத் திறந்து உண்பதற்கு இது ஏற்றதன்று. ருசியாயிருக்கிறதே என்று எவ்வளவு கெஞ்சினாலும் கொடுத்தனுப்ப வேண்டா.

அவனுக்கென்று வேறொரு வழியுண்டு. உலர்ந்த மாசியை வற்றல் மிளகாய், கல்லுப்பு இரண்டோடு மட்டும் சேர்த்து உரலில் பொடியாய் இடித்து, ஈரமற்ற குப்பியில் வைத்துக்கொள்க. தேங்காயும் வெங்காயமும் சேராததால் நீர்ப்பற்று இல்லை, கெடுவதற்கும் இடமில்லை. சப்பாத்தியில் சிறிது நெய் தடவி இப்பொடியைத் தூவிச் சுருட்டினால் மதியம் வரை தாங்கும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் வைக்க வேண்டா. பெட்டியைத் திறந்ததும் வகுப்பறை முழுதும் மணக்கும், பக்கத்து மேசைக்காரர்களும் பங்கு கேட்பார்கள்.